அமெச்சூர் ரேடியோ ஸ்டேஷனுக்கு எந்த பிரிண்டர் நல்லம், எப்பிடிப் பராமரிக்கிறது?

கியூஎஸ்எல் கார்டும் (ரேடியோவில கதைச்சதுக்கு அத்தாட்சியா அனுப்புற கார்டு) லொக் ஷீட்டும் (கதைச்ச விபரம் பதியிற தாள்) அடிக்கத்தான் எண்டா என்ர பதில் கறுப்பு வெள்ளை லேசர். நான் திருகோணமலையில இருக்கிறன், இஞ்ச கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல இங்க்ஜெட்ட சும்மா விட்டா மை காஞ்சு ஹெட் அடைச்சிடும், நாங்களோ நினைச்ச நேரம் நாலு கார்டு அடிக்கிற ஆக்கள். டோனர் காயாது, கார்டு நனைஞ்சாலும் எழுத்து கரையாது.

ஆனா எழுத்து எவ்வளவு வடிவா விழுது எண்டத விட, அது உங்கட ரிசீவர என்ன செய்யும் எண்டதுதான் முக்கியம். உள்ளுக்க இருக்கிறது ஸ்விட்சிங் பவர் சப்ளை, கனக்க மொடல்ல பட்டன ஓஃப் பண்ணினாலும் பிளக் செருகி இருக்கிற மட்டும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும், 7 மெகாஹேர்ட்ஸில தூரத்தில இருந்து வாற மெல்லிய சிக்னல் அந்த இரைச்சலுக்குள்ள காணாமப் போயிடும். கடைக்குப் போகேக்க பற்றறியில ஓடுற சின்ன ஷோர்ட்வேவ் ரேடியோ ஒண்டு கொண்டுபோய், பிரிண்டருக்கு கரண்ட் குடுக்கச் சொல்லி கிட்ட வச்சுக் கேளுங்கோ. கத்தினா அத எடுக்காதேங்கோ.

வீட்டில யூஎஸ்பி வயரே அந்த இரைச்சலுக்கு அன்ரெனா மாதிரி வேலை செய்யும். சும்மா கிளிப் ஃபெரைட் (வயரில வாற இரைச்சலத் தடுக்கிற காந்தப்பொருள்) ஒண்டு மாட்டினா எச்எஃப்பில (ஷோர்ட்வேவ், 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ்) பெருசா ஒண்டும் நடக்காது, 31 மிக்ஸ் எண்ட ஃபெரைட் வகையில பெரிய வளையம் வாங்கி வயர அஞ்சாறு சுத்து சுத்துங்கோ, சுத்து இரட்டிச்சா இரைச்சலுக்கு இருக்கிற தடை கிட்டத்தட்ட நாலு மடங்கு.

14க்கு 9 சென்ரிமீட்டர் கார்டு நல்ல தடிப்பு, சின்ன லேசர் கனக்க 163 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம்) மேல எடுக்காது. அதால கார்ட பிரஸ்ஸில கலர்ல அடிச்சு வச்சிட்டு, கோல்சைன் (ஸ்டேஷன்ர அடையாளப் பேர்), திகதி, யூடிசி நேரம் (உலகப் பொது நேரம்), பேண்ட் (அலைவரிசை), மோட் (பேச்சோ மோர்ஸோ எண்டது), ரிப்போர்ட் (சிக்னல் எப்பிடிக் கேட்டது எண்டது) மட்டும் லேபிள்ல அடிச்சு ஒட்டுங்கோ. லேசருக்கெண்டு போட்டிருக்கிற லேபிளா இருக்கோணும், மற்றது சூட்டுக்கு பசை இளகி உள்ளுக்க ஒட்டிடும்.

வாடைக் காலத்தில பேப்பர ட்ரேயில விடாதேங்கோ, ஈரம் இழுத்துச் சுருண்டு ஜாம் ஆகும், சிலிக்கா ஜெல்லோட மூடின பெட்டியில வச்சு தேவையானத மட்டும் எடுங்கோ. உப்புக்காத்துக்கு யூஎஸ்பி பிளக்க அப்பப்ப துடைக்கோணும். சின்ன யூபிஎஸ்ஸில லேசர மாட்டவே வேணாம், சூடாகேக்க இழுக்கிற கரண்ட் அது தாங்காது. இடி மின்னல் எண்டா அன்ரெனாவ மட்டும் கழட்டினா காணாது, பிரிண்டர்ட கரண்ட் பிளக்கையும் யூஎஸ்பியையும் சேத்துக் கழட்டுங்கோ, கரண்ட் லைனால வாறது அந்த வழியாத்தான் கொம்பியூட்டருக்கும் ரிக்குக்கும் (ரேடியோ செற்) போகும்.