கபடிக் குழுவின் கால் வலிமையைத் தொங்கு தராசு வைத்துச் சரியாக அளக்க முடியுமா?

கேட்டிருப்பவர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டக் கபடிக் குழுவைப் பார்த்துக்கொள்கிறார். 12 பையன்கள். மண்டபத்தில் ஒரு பார்பெல், கொஞ்சம் எடைத் தட்டுகள், 300 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று. மூன்று மாதப் பயிற்சியில் கால் வலிமை கூடியதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். கைப்பிடி அளவி (கையின் பிடி பலத்தைக் காட்டும் கருவி) வாங்கினாலே போதுமா என்றும் கேட்டிருக்கிறார்.

தாராளமாக முடியும். ஆய்வுக்கூடத்து இயந்திரம் இல்லையே என்று தயங்க வேண்டாம். அளவு கெடுவது பெரும்பாலும் கருவியால் இல்லை. உட்காரும் விதம், பட்டையின் இடம், சங்கிலியின் சாய்வு இந்த மூன்றும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுவதால்தான் கெடுகிறது.

முன்தொடைத் தசைக்கான அமைப்பைச் சொல்கிறேன். பாதம் தரையைத் தொடாத உயரத்துக்கு ஒரு கனமான பெஞ்சு. அதன் பின்னால் அசையாத இரும்புத் தூண். கணுக்காலுக்கு மேல் அகலமான பட்டை. பட்டையிலிருந்து ஷேக்கல் (இரும்பு இணைப்பு வளையம்), தராசு, இரும்புச் சங்கிலி என்று பெஞ்சின் கால்களுக்கு நடுவே போய்த் தூணில் முடிய வேண்டும். நைலான் கயிறு வேண்டாம். அது இழுபடும்போது கால் முன்னே போய்விடும், முழங்கால் கோணமும் மாறிவிடும். பையன் உதைக்கும்போது பெஞ்சு தூணை நோக்கிப் பின்னால் சறுக்கும். அதனால் பெஞ்சைத் தூணோடு ஒட்டிப் போடுங்கள், இடைவெளி இருந்தால் கட்டை வைத்து அடையுங்கள். இடுப்பையும் தொடையையும் பெல்ட்டால் பெஞ்சோடு இறுக்குங்கள். இடுப்பு ஒரு விரற்கடை எழும்பினாலும் அந்த முயற்சியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கைகள் மார்பின் குறுக்கே. ஒருவன் பெஞ்சின் ஓரத்தைப் பிடிக்கிறான், இன்னொருவன் பிடிக்கவில்லை என்றால் இரண்டும் வேறு வேறு சோதனை.

முழங்கால் 90 பாகையில் இருக்கட்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டை முழங்காலிலிருந்து தொங்கவிட்டால் கீழ்க்கால் செங்குத்தாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்தக் கோணத்தில் ஒரு வசதி உண்டு: கால் நேராகத் தொங்குவதால் அதன் எடை உதைப்புக்கு உதவுவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. வேறு கோணத்தில் அளந்தால் காலின் எடையைத் தனியாகக் கணக்கிட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கோணத்தைச் சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. பையன் பாதி பலத்தோடு உதைத்துக்கொண்டிருக்கும்போது பாருங்கள். பட்டையின் பஞ்சு அமுங்கிச் சங்கிலி முறுக்கேறிய பிறகு வரும் கோணம்தான் உண்மையான கோணம்.

நிறையப் பேர் தவறவிடும் இடம் இனிதான். தராசு காட்டுவது சங்கிலியின் இழுப்பை மட்டும். முழங்காலைச் சுற்றித் தசை தரும் திருப்புவிசை நமக்கு வேண்டும். அதற்கு முழங்கால் மூட்டின் கோட்டிலிருந்து பட்டையின் நடுவரைக்குமான தூரம் தேவை. முழங்காலின் வெளிப்பக்கம் தடவிப் பார்த்தால் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் பள்ளம் தட்டுப்படும். அங்கே பேனாவால் ஒரு கோடு, பட்டையின் நடுவில் இன்னொரு கோடு. டேப்பால் அளந்து எழுதுங்கள்.

தராசு 45 கிலோ, தூரம் 0.36 மீட்டர் என்றால், 45 × 9.81 × 0.36 = 159 நியூட்டன் மீட்டர் (9.81 கிலோவை நியூட்டனாக மாற்ற). மூன்று மாதம் கழித்து அதே பையன், அதே வலிமை. பட்டையை மட்டும் 2 சென்டிமீட்டர் மேலே கட்டிவிட்டீர்கள். தூரம் இப்போது 0.34. தராசு 47.6 காட்டும். ஒன்றுமே கூடாமல் இரண்டரைக் கிலோ கூடிவிட்டது! சங்கிலிச் சாய்வும் இப்படித்தான். கணுக்காலுக்கும் தூணுக்கும் 60 சென்டிமீட்டர் தூரத்தில், தூணில் உள்ள கொக்கி பட்டையைவிட 16 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் சங்கிலி ஏறக்குறைய 15 பாகை சாயும். 45 கிலோ உதைப்புக்குத் தராசு 46.6 காட்டும். தப்பான அமைப்பு எண்ணைக் கூட்டித்தான் காட்டுகிறது. அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, ஊரே கைதட்டிவிடும். கொக்கியைப் பட்டையின் மட்டத்துக்கே ஏற்றி இறக்கிக்கொள்ளும்படி தூணில் ஒரு பட்டைவளையம் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பையனின் தூரத்தையும் பெயருக்கு நேரே எழுதி, அடுத்த தடவை அதே தூரத்தில் கட்டுங்கள்.

தராசைச் சோதிப்பது சுலபம். தட்டுகளைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோய், முத்திரையிட்ட மேடைத் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். செம்பனைக் குலையை லாரியோடு நிறுக்கும் பெரிய தராசு இதற்கு ஆகாது. அது பத்து, இருபது கிலோ படிகளில்தான் காட்டும். பிறகு அதே தட்டுகளை உங்கள் தராசில் 20, 40, 60, 80 என்று ஏற்றித் தொங்கவிட்டு வித்தியாசத்தைக் குறியுங்கள். பார்பெல்லையும் ஒருமுறை நிறுத்துவிடுங்கள். 20 கிலோ என்று நினைத்த கம்பி 17 ஆக இருப்பது நடக்கிற காரியம்.

முயற்சிக்கு வருவோம். 5 நிமிடம் சும்மா ஓட்டம். பிறகு பாதி பலத்தில் இரண்டு, முக்கால் பலத்தில் இரண்டு, 90 விழுக்காட்டில் ஒன்று. 2 நிமிட ஓய்வுக்குப் பிறகு முழு முயற்சி: ஒரு நொடியில் பலத்தை ஏற்றி 3 முதல் 5 நொடி பிடிக்க வேண்டும். வெடுக்கென்று உதைத்தால் உச்சத்தைப் பிடித்துவைக்கும் தராசு அந்த அதிர்ச்சியையே வலிமையாகக் காட்டிவிடும். கைப்பேசியில் தராசின் திரையைப் படம்பிடித்து, எண் நிலையாக நின்ற இடத்தைப் படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே 2 நிமிடம் விட்டு 3 முயற்சிகள். சிறந்த இரண்டுக்கும் நடுவே 5 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, கடைசி முயற்சியே உச்சமாக இருந்தாலோ இன்னொன்று கொடுங்கள்.

நீங்கள் கத்துவதும் அளவின் ஒரு பகுதிதான். 1961-இல் இக்காய், ஸ்டைன்ஹவுஸ் என்ற இரு ஆய்வாளர்கள் துப்பாக்கிச் சத்தமும் உரத்த கூச்சலும் முழங்கையை மடக்கும் பலத்தைக் கூட்டுவதைக் காட்டினார்கள். ஒருவன் முழுப் பலத்தையும் கொடுத்தானா என்று உறுதியாகத் தெரிய, 1954-இல் மெர்ட்டன் என்ற ஆய்வாளர் செய்ததுபோல் உச்ச முயற்சியின் நடுவே நரம்பில் மின்துடிப்பு கொடுத்துப் பார்க்க வேண்டும். பலம் துளிகூடக் கூடாவிட்டால் தசை முழுதாக வேலை செய்கிறது என்று பொருள். மண்டபத்தில் அது நடக்காது. நம்மால் ஆனது எல்லாருக்கும் ஒரே சொல், ஒரே குரல்: “உதை, உதை, விடாதே!” ஒருவனுக்குக் குழுவே சுற்றி நின்று கத்தி, அடுத்தவன் வரும்போது எல்லாரும் தே தண்ணி குடிக்கப் போயிருந்தால் அது அளவே இல்லை.

நேரமும் முக்கியம். காலையைவிடப் பின்மாலையில் பலம் பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். காலையெல்லாம் குலை வெட்டிவிட்டு வந்தவனை அன்று மாலை அளந்தால் அவன் களைப்பைத்தான் அளக்கிறீர்கள். ஓய்வு நாளில், மாலை 5 மணிக்கு, முதல் தடவையும் மூன்று மாதம் கழித்தும் அதே மாதிரி வையுங்கள்.

பார்பெல்லில் ஒரே தடவை தூக்கும் உச்ச எடையைப் பார்க்க விரும்பினால் இரண்டு எச்சரிக்கை. இரு பக்கமும் 1.25 கிலோதான் உங்களிடம் உள்ள சின்னத் தட்டு என்றால் படி 2.5 கிலோ. 60 கிலோ தூக்குகிறவனுக்கு அது 4 விழுக்காடு, அதற்குக் குறைந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அடுத்தது, சில தடவை தூக்கிய எடையை வைத்து உச்ச எடையை ஊகிக்கும் சூத்திரம். 80 கிலோவை 5 தடவை தூக்கினால் எப்லி சூத்திரம் 93.3 என்கிறது, பிரிசிக்கி சூத்திரம் 90 என்கிறது. ஒரே தூக்கு, இரண்டு விடை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள், 5 தடவைக்கு மேல் போகாத எடையாகவும் எடுங்கள். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) என்றால் ஆழத்தைக் கண்ணளவில் விடாமல் பின்னால் ஒரு பெட்டி வையுங்கள், இரு பக்கமும் ஆள் நிற்கட்டும்.

எந்த முறையானாலும் முதல் இரண்டு அமர்வின் எண்களைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உடம்பு அந்த அசைவைப் பழகுவதாலேயே எண் ஏறும். பழகிய பிறகு, ஒரு வார இடைவெளியில் 12 பேரையும் இரண்டு தடவை அளந்து, ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் எழுதி, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) கைப்பேசியிலேயே கணக்கிடுங்கள். அதை 1.96-ஆல் பெருக்குங்கள். திட்ட விலக்கம் 2.8 கிலோ என்றால் விடை 5.5 கிலோ. அதற்குக் குறைந்த மாற்றம் அளவின் தடுமாற்றமாகவே இருக்கலாம். மூன்று மாதத்தில் ஒரு பையன் 4 கிலோ கூடியிருந்தால் “கூடிவிட்டது” என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். 8 கிலோ கூடியிருந்தால் தைரியமாகச் சொல்லலாம்.

கைப்பிடி அளவி காலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பிடிக்கு வேண்டுமானால் வாங்குங்கள்: உட்கார்ந்து, முழங்கை 90 பாகை, ஒவ்வொரு கைக்கும் 3 முயற்சி. வாங்கிவிட்டால் தோட்டத்து முதியவர்களையும் ஒருமுறை அளந்து பாருங்கள். முதுமையில் வரும் தசை இழப்புக்கான ஆசியப் பணிக்குழுவின் 2019 வரையறைப்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் அது தசை பலவீனம். அப்படி யாராவது இருந்தால் கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.