மேஸ்திரி மறைத்தாரா, சுருக்கினாரா?

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், மேஸ்திரிதான் கூட வந்து இந்தியில் கேட்டுத் தமிழில் சொல்கிறார். இதைத்தான் முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறேன். நான் இந்தி பிரச்சார சபாவில் பிரவீண் தேர்வு வரை படித்தவள். சில தடவை நானும் அவர்களுக்காகப் பேசியிருக்கிறேன். 'பக்கத்துக்குப் பக்கம் உன் சார்பு தெரிகிறது' என்கிறார் கைடு. எப்படிச் சரிசெய்வது?
- ஆய்வு மாணவி, திருமங்கலம்

பதில்: சார்பை முழுக்கத் துடைத்துவிட முடியாது. அது எந்த இடத்தில் உங்கள் முடிவை வளைக்கிறது என்று காட்டலாம். பலர் முன்னுரையில் 'நான் இன்ன ஊர், இன்ன பின்னணி' என்று ஒரு பத்தி எழுதுவதோடு சரி, அப்புறம் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. அந்தப் பத்தியால் யாருக்கும் பயனில்லை.

ஒலிப்பதிவை எழுத்தில் இறக்கும்போதுதான் சார்பு நுழையும். 'வலி எப்ப இருந்து?' என்று டாக்டர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடு இறக்கியது, இடுப்பில் பிடித்தது, மறுநாளும் ஷிஃப்டுக்குப் போனது எல்லாவற்றையும் தொழிலாளி சொல்கிறார். மேஸ்திரி 'மூணு நாளா சார்' என்று முடித்துவிடுகிறார். ஓரத்தில் 'மறைக்கிறார்' என்று எழுதக் கை துடிக்கும். மறைத்தும் இருக்கலாம், வேலையில் பட்ட அடி என்று பதிவானால் இழப்பீட்டுப் பேச்சு வரும். ஆனால் டாக்டர் கேட்டது நாள் கணக்கு, வெளியே நீளமான வரிசை. ஆகவே சொன்னது என்ன, உங்களுக்குத் தோன்றியது என்ன, வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். நீங்களே பேசிய உரையாடல் ஏதாவது பதிவில் இருந்தால் அதையும் இதேபோல் பிரியுங்கள். நீங்கள் விட்டதைச் 'சுருக்கம்' என்றும் அவர் விட்டதை 'மறைப்பு' என்றும் குறித்திருந்தால், கைடு சொல்வது அதைத்தான்.

இருமொழிக்காரர்களுக்கு நடுவே பேசி மொழிபெயர்ப்பவர்களை ஆராய்ந்த சிசிலியா வாடன்ஸ்யோ 1998இல் வெளியிட்ட ஆய்வைப் படித்திருப்பீர்கள். சுவீடிஷ்-ரஷ்ய உரையாடல்களை வைத்து, இடையில் நிற்பவர் பேச்சைக் கடத்துவதோடு யார் எப்போது பேசுவது என்பதையும் நடத்துகிறார் என்று காட்டியவர். விடுபட்டதெல்லாம் குற்றமாகாது.

அடுத்தது உங்கள் பிரவீண். மேஸ்திரியின் சைட் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் தடுமாறும்; காதுக்கு உறுத்தும். ஒடிசாக்காரருக்கும் இந்தி தாய்மொழி இல்லையே! உங்கள் பரீட்சை இந்தியைவிட அது அவருக்கு நன்றாகப் புரியக்கூடும். பெயர்களை நீக்கிவிட்டு, சில பகுதிகளை ஒடியா பேசுபவர் ஒருவரிடமும் நர்ஸ் ஒருவரிடமும் தனித்தனியே காட்டிக் கேளுங்கள். அவர்கள் வேறுபடும் இடத்தை ஆய்வேட்டில் அப்படியே வையுங்கள்.

மேஸ்திரி போன் பேச வெளியே போனதும் டாக்டர் உங்களைப் பார்த்தால்? மருந்தளவு, ஒவ்வாமை மாதிரி உயிர் சம்பந்தப்பட்டதென்றால் தயங்காமல் பேசுங்கள். அந்த நிமிஷத்திலிருந்து பதிவை 'நான் கலந்துகொண்டது' என்று தனியே குறித்து வையுங்கள்.

ஒப்புதல் படிவத்தை மட்டும் மேஸ்திரி வழியாக வாங்காதீர்கள். சம்பளம் கொடுப்பவர் நீட்டும் தாளில் எந்தத் தொழிலாளி மாட்டேன் என்பார்? விவரத்தை ஒடியாவிலும் இந்தியிலும் ஒலிப்பதிவாக்கி, மேஸ்திரி இல்லாத நேரத்தில் தொழிலாளியைக் கேட்க வையுங்கள்; வேண்டாமென்றால் யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதும் அதில் இருக்கட்டும்.