பேத்தி கண்டுபிடித்தாள், பேடன்ட் யாருக்கு?

கேள்வி: என் பேத்தி அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சியில் பிஎச்.டி. செய்கிறாள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் காக்க ஒரு பூச்சு கண்டுபிடித்திருக்கிறாள். பேடன்ட்டை, அதாவது காப்புரிமையை, கல்லூரி பேரில்தான் வாங்குவார்களாம். ராத்திரி பகலாய் உழைத்தது பிள்ளை, உரிமை கல்லூரிக்கா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, உங்கள் ஆதங்கம் நியாயம்தான். ஆனால் இதில் உரிமை வேறு, பெயர் வேறு.

அரசுப் பணத்தில் பிறக்கும் கண்டுபிடிப்புகளுக்கென்று நம் நாட்டில் தனிச்சட்டம் கிடையாது. 2008-ல் ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது, 2014-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதனால் நிதி கொடுத்த துறையின் விதியும், சேரும்போது பேத்தி போட்ட கையெழுத்தும்தான் பேசும். அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி என்றால், 2000-ல் வந்த அதன் விதிப்படி உரிமை நிறுவனத்துக்கு. வரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கண்டுபிடித்தவர்களுக்குத் தரலாம். அரசு தன் தேவைக்கு ராயல்டி இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளும்.

எனக்கு இந்த ஏற்பாடு சரியாகவே படுகிறது. கட்டணம் கட்டுவது, ஆட்சேபணைக்குப் பதில் எழுதுவது, கம்பெனி தேடுவது எல்லாம் ஒரு மாணவி தனியாய்ச் சுமக்கிற காரியமில்லை. அமெரிக்காவிலும் 1980-ல் பே-டோல் சட்டம் கொண்டுவந்து, பல்கலைக்கழகங்களே உரிமையை வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். அதற்கு முன் அரசின் கையில் இருந்த பேடன்ட்டுகளில் பெரும்பாலானவை தொழிற்சாலைப் பக்கமே போகவில்லை.

பெயரை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பேடன்ட் விண்ணப்பமான படிவம் 1-ஐ வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் கல்லூரி இருக்கட்டும். கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் பேத்தியின் பெயர் இனிஷியலோடு இருக்க வேண்டும். கைடு பெயர் மட்டும் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பணிவாய்க் கேட்டுவிடட்டும். ஆய்வக நோட்டில் தேதி போட்டு, கைடிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் அதுதான் சாட்சி.

இன்னொன்று, முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் கட்டுரை. ஆய்விதழில் வந்துவிட்டால் புதுமை போய்விட்டது என்று தள்ளிவிட இடமுண்டு. ஆராய்ச்சி முடியவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கத்தோடு, விண்ணப்பிக்கலாம். முழுசாய்த் தர 12 மாத அவகாசம் கிடைக்கும்.

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். கறை பிடிக்காத ஒரு பூச்சுக்கு அரசு ஆய்வகம் ஒன்று பேடன்ட் வாங்கியிருக்கிறது. நம் வரிப்பணம்தானே, நான் உபயோகிக்கலாமா?
– ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: கூடாது தம்பி. வரி கட்டுவதால் லைசென்ஸ் வந்துவிடாது. ஆனால் அந்த பேடன்ட் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுகள்தான் ஆயுள். மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிக்கும் கட்டணமும் உண்டு, கட்டாவிட்டால் காலாவதி. காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இலவசமாய்த் தேடலாம்.

நடப்பில் இருந்தால், ஆய்வகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்றப் பிரிவுக்கு எழுதுங்கள். மாதம் எத்தனை சதுர அடி வார்க்கிறீர்கள், கண்ணாடியில் கவிழ்த்து வார்த்த கல்லில் இந்தப் பூச்சு நிற்குமா என்று விவரமாய்க் கேளுங்கள். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, காரைக்குடிக்கு சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த மண் இது. ஆய்வகத்துக் கண்டுபிடிப்பு பக்கத்துப் பட்டறைக்கு வராமல் கிடந்தால் எனக்கு மனசு ஆறாது. சிறுதொழில் பதிவுச் சான்றிதழையும் சேர்த்து அனுப்புங்கள்.