இதய ரத்தக்குழாய் அடைப்பு: மாத்திரையா, ஸ்டென்ட்டா, பைபாஸா?

கேள்வி: மாடி ஏறினால் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது; நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. ஆறு மாதமாக இப்படித்தான். ஆஞ்சியோகிராமில் வலது ரத்தக்குழாயில் மட்டும் 70 சதவீத அடைப்பு. ஸ்டென்ட் வைக்கச் சொல்கிறார்கள். மாத்திரையில் சமாளிக்க முடியாதா?

பதில்: பெரும்பாலும் முடியும். 2020-ல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில் ஐயாயிரத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தனர். உங்களைப் போல வலி நிலையாக இருப்பவர்கள்தான். முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்று போனவர்களுக்கும், மாத்திரையோடு தொடங்கியவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. வலி குறைந்தது மட்டும் முதல் பிரிவினருக்கு அதிகம். ஆகவே மாத்திரை போட்டும் நடக்க முடியவில்லை என்றால் ஸ்டென்ட் நல்ல வழி. 70 சதவீதம் என்பது பெரும்பாலும் கண் மதிப்புதான். சந்தேகம் இருந்தால் குழாய்க்குள் அழுத்தம் அளக்கும் எஃப்எஃப்ஆர் சோதனையைக் கேளுங்கள், அளவு 0.80-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்டென்ட் தேவைப்படாது.

மாத்திரை வழி தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதைச் சாப்பிடும் விதம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போட்டு, எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே வந்ததும் ‘கொழுப்பு சரியாகிவிட்டது’ என்று நிறுத்துவார்கள். சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். மெட்டோப்ரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் திடீரென விட்டால் நெஞ்சுவலி முன்பைவிட மோசமாகத் திரும்பும். ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் மாத்திரையைச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டால் உடல் பழகிப்போய் மருந்து வேலை செய்யாது. தினமும் 10 முதல் 14 மணி நேரம் இடைவெளி வேண்டும். அதனால்தான் சாதாரண வகையில் இரண்டாவது வேளையை இரவுக்குப் பதில் மதியமே போடச் சொல்கிறார்கள்.

இடது முதன்மைக் குழாயில் 50 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு, சர்க்கரை நோயோடு மூன்று குழாயிலும் அடைப்பு, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் மிகவும் குறைந்திருப்பது: இந்த நிலைகளில் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. பைபாஸைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். நெஞ்சின் உட்புறத் தமனியை எடுத்து முன்பக்கக் குழாயில் இணைத்தால் பத்து ஆண்டுக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. காலிலிருந்து எடுக்கும் சிரை (அசுத்த ரத்தக்குழாய்) அந்த அளவுக்குத் தாங்காது. எதை எடுத்து எங்கே இணைக்கப் போகிறார்கள் என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடலாம்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து வழக்கமாக ஆறு மாதம். மாரடைப்புக்குப் பின் வைத்ததென்றால் ஒரு வருடம். பல் பிடுங்குவதற்காகக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம்.

கேள்வி: இஇசிபி சிகிச்சை அறுவையில்லாமல் அடைப்பைக் கரைக்குமாமே?

பதில்: கரைக்காது. கால்களிலும் இடுப்பிலும் கட்டிய பட்டைகள் இதயம் விரியும் நேரத்தில் இறுகி, ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றன. தினம் ஒரு மணி நேரமாக மொத்தம் 35 அமர்வு. மாத்திரைக்கும் அடங்காமல், ஸ்டென்ட், பைபாஸ் இரண்டுக்கும் வழியில்லாதவர்களில் சிலருக்கு வலி குறைகிறது. பைபாஸ் தேவைப்படும் ஒருவர் இதை நம்பித் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. மகாதமனி வால்வில் கணிசமான கசிவு, கால் ரத்தக்குழாயில் உறைகட்டி உள்ளவர்களுக்கு இது கூடாது.

கேள்வி: நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: வலி வந்ததும் உட்கார்ந்துகொண்டு வையுங்கள், நின்றபடி வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். விழுங்கக் கூடாது. தலைவலி வருவது இயல்பு. ஐந்து நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அடுத்த மாத்திரைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரமோ, டடலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரமோ ஆகாவிட்டால் இதைத் தொடவே கூடாது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வெட்கப்பட்டு இதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த தூரத்திலேயே வந்தாலோ, மாத்திரையில் அடங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.