டிம் சம் சாப்பிடப் போறீங்களா?

கேள்வி: அடுத்த மாசம் ஆபீஸ் வேலையா ஹாங்காங் போறேன் சார். டிம் சம், அதான் அந்த சின்னச் சின்ன சைனீஸ் பலகாரங்க, சாப்பிடணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா என்ன கேக்கணும் எப்படி கேக்கணும் ஒண்ணும் தெரியாது. பன்னி, மாடு சாப்பிட மாட்டேன், இறால் ஓகே.

பதில்: முதல்ல டைமிங். டிம் சம் ராத்திரி சாப்பாடு இல்லைங்க, காலைலேர்ந்து மத்தியானம் வரைக்கும்தான் களைகட்டும். அங்க இதுக்குப் பேரே 'யம் சா', அதாவது டீ குடிக்கிறது, அதனால உக்காந்த உடனே எந்த டீ வேணும்னுதான் கேப்பாங்க, பூ-எர், மல்லிகை, செவ்வந்தின்னு இருக்கும், எனக்குப் பிடிச்சது பூ-எர், எண்ணெய் பலகாரத்துக்கு சரியான ஜோடி. யாராவது உங்க கப்ல டீ ஊத்தினா ரெண்டு விரலால மேஜையைத் தட்டுங்க, அதான் தேங்க்ஸ். டீ காலியாயிட்டா கெட்டில் மூடியைத் திறந்து வைங்க, வெந்நீர் ஊத்துவாங்க, கத்த வேண்டாம்.

நீங்க கேக்க வேண்டியது ஹார் காவ், கண்ணாடி மாதிரி தோலுக்குள்ள இறால் வச்ச கொழுக்கட்டைன்னு வச்சுக்கோங்க. ஆனா அதுலயும் கொஞ்சம் பன்னிக் கொழுப்பு சேர்க்கிறது உண்டு, கேட்டுக்கிட்டே வாங்குங்க. சியூ மாய்ங்கிற கொழுக்கட்டை வேண்டவே வேண்டாம், மேல இறால் தெரியும், உள்ள பன்னிதான். முள்ளங்கி கேக்னு பேரைப் பார்த்து சைவம்னு நம்பிடாதீங்க, அதுல சைனீஸ் சாஸேஜ் கிடக்கும், அதுவும் பன்னிதான். ஒரு மூங்கில் கூடைல மூணு நாலு பீஸ்தான் வரும், அதனால துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போங்க. டிம் சம்ல வர்ற கோழிப் பாதமா? நான் ஒரே விரலோட நிறுத்திட்டேன்!