ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்தால் செஸ்ஸில் ஜெயிக்க முடியுமா?

பாதி தூரம் வரை முடியும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் இதைக் கேட்டால் ஓர் ஆட்டத்தை அடுக்கிக் காட்டுவேன். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீயில் நடந்த டாடா ஸ்டீல் போட்டியில், ஆர்மேனிய வீரர் அரோனியனை ஆனந்த் கறுப்புக் காய்களோடு 23 நகர்வில் சாய்த்த ஆட்டம்.

ஓப்பனிங் செமி ஸ்லாவ், அதில் மெரான் வகை. 1924-இல் இத்தாலியின் மெரானில் போலந்து வீரர் ரூபின்ஸ்டைன் ஆடி வென்றதால் வந்த பெயர். கறுப்பு பதுங்கி நிற்பதுபோல்தான் தெரியும். ஆனால் பி7, டி6 கட்டங்களில் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை) இருக்கும் மந்திரிகள் இரண்டும் வெள்ளை ராஜாவையே குறிவைத்திருக்கும்.

13-ஆவது நகர்வில் அரோனியன் குதிரையால் எச்7 சிப்பாயை வெட்டினார். அடுத்து எஃப்8 யானையும் போகும். ஆனந்த் அதைச் சட்டை செய்யாமல் தன் குதிரையை ஜி4-க்கு அனுப்பினார். அப்புறம் மந்திரி சி5-க்கு, டி4 சிப்பாயின் வாய்க்கே. 16-இல் இன்னொரு குதிரை இ5-க்கு. அங்கே அதை வெட்ட இரண்டு சிப்பாய்கள் தயார். சரி, வெள்ளை தன் எஃப் வரிசைச் சிப்பாயால் வெட்டினால்? கறுப்பு ராணி டி4-இல் செக். ராஜா எச்1-க்கு ஒதுங்கினால் ராணியையே ஜி1-இல் பலிகொடுக்கலாம். வெள்ளை யானை அதை வெட்டியே தீரவேண்டும்; உடனே குதிரை எஃப்2-இல் மேட்! பிள்ளைகள் கூச்சல் போடும் இடம் இதுதான்.

அரோனியன் இதில் சிக்கவில்லை. மந்திரியால் ஜி4 குதிரையை வெட்டினார், பிறகு யானையையும் எடுத்துக்கொண்டார். யானையை எடுத்த குதிரையை ஆனந்த் திருப்பி வெட்டவில்லை, நிதானமாக எஃப் சிப்பாயை எஃப்5-க்குத் தள்ளினார். எனக்கு இந்த ஆட்டத்திலேயே பிடித்த நகர்வு அது. 23-இல் மந்திரி இ3-க்குப் போனதும் அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

2012-இல் இஸ்ரேல் வீரர் கெல்ஃபாண்டுடன் ஆனந்த் மோதிய உலகப் பட்டப் போட்டிக்காகத் தயாரித்த சரக்கு இது. ஆக, வீட்டுப்பாடம் உண்டு. ஆனால் ஆனந்தே இதை 1907-இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ரூபின்ஸ்டைன் வீழ்த்திய ஆட்டத்தோடு ஒப்பிட்டார். அங்கேயும் கறுப்பு மந்திரிகள் இரண்டும் ராஜாவைக் குறிவைத்து நிற்க, மற்ற காய்களை வாரி இறைத்தார் ரூபின்ஸ்டைன். அதைப் பார்த்தவருக்கு எஃப்5 ஏன் என்று புரியும். வரிசையை மட்டும் ஒப்பித்தவர், எதிராளி வேறு காயைத் தொட்டதுமே விழிப்பார்.

புதிதாகப் படிப்பவர் என்றால் மெரான் இப்போதைக்கு வேண்டாம், அதில் கிளைகள் அதிகம். எளிய ஓப்பனிங் ஒன்றை எடுத்து, அதில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டங்களைக் கடைசி நகர்வு வரை பலகையில் ஓட்டிப் பாருங்கள். முதல் 10 நகர்வுகள் தானாகவே மனதில் பதிந்துவிடும்.