வாசகர் கடிதம்: இம்ரீம்

வணக்கம் சார். அயர்லாந்தில், கால்வேயில் நர்ஸாக இருக்கிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு, விசில் குழலும் வாசிப்பாள். ஐரிஷ் பாடத்தில் ‘என் பொழுதுபோக்குகள்’ என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கால்பந்து விளையாடுகிறேன் என்பதற்கு, ‘தா மே எக் இமிர்ட்’ என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். டீச்சர் அதை அடித்துவிட்டு ‘இம்ரீம்’ என்று திருத்தியிருக்கிறார். இரண்டும் நிகழ்காலம்தானே? நீங்கள் கொஞ்ச காலம் ஐரிஷ் படித்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.
எம்., கால்வே

அன்புள்ள எம்.,

டீச்சர் திருத்தியது சரிதான். நானும் இதே இடத்தில் தடுக்கி விழுந்தவன். நம் ஆட்கள் ஆங்கிலத்தில் ‘எவ்ரி சாட்டர்டே ஐ ஆம் பிளேயிங்’ என்று பேசிப் பழகியவர்கள் இல்லையா, அந்த வாடைதான். ‘தா மே எக் இமிர்ட்’ என்றால் உங்கள் மகள் இந்த நிமிடம் மைதானத்தில் இருக்கிறாள், பந்து காலில் இருக்கிறது. ‘இம்ரீம்’ என்றால் அவள் வழக்கமாக விளையாடுகிறவள்.

ஐரிஷ் இலக்கணம் நிகழ்காலம் என்று பெயர் வைத்திருப்பது பெரும்பாலும் பழக்கத்தைச் சொல்லும் காலம். நமக்கு அது புதிதல்ல. ‘சனிக்கிழமையானால் கால்பந்து விளையாடுவேன்’ என்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் பழக்கம். அதனால் ஆங்கிலத்தின் வழியாகப் போகாதீர்கள். வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, பழக்கத்தைச் சொல்லும் ‘வேன்’ பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் இம்ரீம்.

இருத்தலுக்கே இப்படி இரண்டு உண்டு. ‘தா மே’ இருக்கிறேன், ‘பீம்’ இருப்பேன். ‘பீம் எக் இமிர்ட்’ என்று அவள் எழுதியிருந்தால் டீச்சர் விட்டிருப்பார். அங்கே வயதானவர்கள் ஆங்கிலத்தில் ‘ஐ டூ பீ’ என்று பேசிக் கேட்டிருப்பீர்கள். அந்த வழக்குக்கு வேர் இந்தப் பீம்தான் என்பார்கள்.

இம்ரீமுக்குள்ளேயே ‘நான்’ இருக்கிறது. கூடவே ‘மே’ போட்டால் தப்பு. நாம் ‘நான் விளையாடுவேன்’ என்று தாராளமாகச் சொல்லலாம், அங்கே கூடாது. ஆனால் நீ, அவன், அவளுக்கெல்லாம் விகுதி கிடையாது. இவர்களுக்கு ‘இம்ரீன்’, பின்னால் ஆளைச் சேர்க்க வேண்டும். அவள் என்றால் ‘இம்ரீன் ஷீ’.

ஆமாம், இல்லை என்பதற்கு அந்த மொழியில் தனிச்சொல் கிடையாது. ‘அன் இம்ரீன் தூ பெல்?’, கால்பந்து விளையாடுவாயா என்று கேட்டால், வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும்: ‘இம்ரீம்.’ நாமும் வீட்டில் ‘சாப்பிட்டாயா?’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்றுதானே சொல்கிறோம். மாட்டேன் என்றால் ‘நீ இம்ரீம்’. அந்த ‘நீ’ எதிர்மறை. வகுப்பில் முதல் மாதம் முழுக்க, அதைக் கேட்டபோதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

விகுதி ஏன் ஓரிடத்தில் ‘இம்’, ஓரிடத்தில் ‘ஈம்’ என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பொதுவாக ஓரசை வினைக்குக் குறில்: ஓடுவேன் ‘ரிஹிம்’, நீந்துவேன் ‘ஸ்னாவிம்’. ஈரசைக்கு நெடில்: ‘இமிர்’ நடு உயிரை உதறிவிட்டு ‘இம்ரீம்’ ஆகிறது. எழுத்துக்கூட்டல் வேறு கதை. அது நம் வல்லினம் மிகும் இடங்களைப் போல, உள்ளூர்க்காரர்களே தடுமாறுகிற விஷயம்.

மகள் விசில் குழல் வாசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆங்கிலத்தில் பந்துக்கும் குழலுக்கும் ஒரே ‘பிளே’. ஐரிஷ், நம்மைப் போல, இரண்டையும் பிரிக்கும். விளையாட்டுக்கு இம்ரீம், இசைக்கு ‘ஷெனிம்’. ஆனால் இங்கே தமிழே நம்மைக் கவிழ்க்கும். நாம் குழலையும் வாசிப்போம், புத்தகத்தையும் வாசிப்போம். புத்தகத்துக்கு அவர்கள் சொல்வது ‘லேம்’. அதைக் குழலுக்குப் போட்டுவிட்டால், பாவம், சனிக்கிழமைதோறும் குழலை விரித்து வைத்துப் படிக்கிற பிள்ளை என்று டீச்சர் நினைத்துக்கொள்வார்.